கேட்காமல் விட்ட ஒரு பகல்

படலைக்கு வெளியே கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஸகியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஆரது?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் மாமி ஹவ்வா உம்மா.

"நான் பழுகாமத்து இளையதம்பி, உம்மா. உசனார் காக்காவோட பட்டாளத்துக்குப் போன ஆள்."

அதற்கு மேல் அவனைப் பேச விடவில்லை ஹவ்வா உம்மா. முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, ஓடிவந்து படலையைத் திறந்து, வந்தவனைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தாள். "என்ட மகன் எங்க? பின்னால வாறானா? வண்டியிலயா வாறான்?"

தெருவில் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. ஸகியா தெருவைப் பார்க்கவில்லை. கம்பில் சாய்ந்து நின்றவனுடைய முகத்தைத்தான் பார்த்தாள். பார்த்ததும் கையிலிருந்த சுளகை மெல்லக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உசனார் அவளுடைய புருஷன். காத்தான்குடித் தறிகளில் நெய்த சாரன்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வாவியைக் கடந்து படுவான்கரை ஊர்களில் விற்று வந்தவன். திருகோணமலையில் யப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் நூல் வரத்து நின்றது; தறிகள் சும்மா கிடந்தன. அப்போதுதான் வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் மண்வெட்டி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பழுகாமத்துச் சிநேகிதனையும் இழுத்துக்கொண்டு போய்ப் பேர் கொடுத்தான்.

"சுடுற துவக்கும் இல்ல, ஒண்டும் இல்ல. மண்வெட்டியோட போய் மண்வெட்டியோட வாறதுதான்" என்று அவளைத் தேற்றினான். "அதுவும் எங்க? ஷாம் தேசத்துக்கு! நபிமார் நடந்த மண். வரக்குள்ள பேரீச்சம்பழம் கொண்டாறன். அழாம இரிகா."

பேரீச்சம்பழம் வரவில்லை. பங்குனியில் ஒரு தந்திதான் வந்தது. பனிச்சரிவில் அகப்பட்டுக் காணாமற் போய்விட்டார் என்று தபால்காரர் வாசித்துச் சொன்னார். சொன்னவருக்கும் விளங்கவில்லை, கேட்டவர்களுக்கும் விளங்கவில்லை. ஒட்டகம் நிற்கிற நாட்டில் பனி எங்கிருந்து வந்தது? பனிக்குள் எப்படி ஒரு மனுஷன் காணாமற் போவான்?

ஹவ்வா உம்மாதான் அதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்தாள். "மார்கழி விடியப்புறம் எங்கட பள்ளி மினாராவும்தான் பனிக்குள்ள காணாமப் போகுது. வெயில் வந்தா தெரியிறல்லையா? அங்கயும் வெயில் வரட்டும். என்ட புள்ள வருவான்." அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு மருமகள் வீட்டோடு வந்துவிட்டாள். பகலெல்லாம் தைரியமாகப் பேசுவாள். படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் ஒரே ஒரு கேள்வி. "அவனுக்குக் குளிருமோ மகள்? சின்னதிலருந்தே குளிர் தாங்க மாட்டான்." ஸகியா எதையாவது சொல்லிச் சமாளிப்பாள். கிழவியின் கண் மூடாது.

ஸகியாவின் நிலை அதைவிட மோசம். புருஷன் மௌத்தானவள் நாலு மாசம் பத்து நாள் வெள்ளை உடுத்து, வாசல் தாண்டாமல் இத்தா இருப்பாள். இவளுடைய புருஷன் மௌத்தாகவில்லை, காணாமற் போனவன். ஆகையால் இவள் வெள்ளை உடுக்கக் கூடாது. உடுத்தால் அவனைச் சாகச் சொன்ன மாதிரி என்றார்கள். சித்திரையில் அடுத்த வளவுக் கலியாணத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மருதோன்றி போட்டுவிட்டார்கள். அங்கே யாரோ சொன்ன பகிடிக்கு அவளும் சிரித்தாள். பெண்சாதியாகவும் இல்லை, கைம்பெண்ணாகவும் இல்லை. யாருக்காவது முன்னால் அழுதால், "சீ, அவச்சொல்!" என்று வாயைப் பொத்தினார்கள்.

ஸகியாவின் வாப்பா உதுமாலெப்பை மட்டும் நம்பிக்கையை எப்போதோ விட்டுவிட்டார். ஏறாவூரில் கடை வைத்திருக்கும் பக்கீர் பெண்சாதியை இழந்தவன், நல்ல மனுஷன். செய்தி நிச்சயமானதும் மறு கலியாணத்தைப் பார்ப்போம் என்று அவனுக்கு வாய்ச்சொல் கொடுத்திருந்தார். அது ஸகியாவுக்கும் தெரியும்.

இளையதம்பி வந்திருக்கிறான் என்று கேட்டதும் தறியை விட்டுவிட்டு வந்தார் வாப்பா. வரும் வழியில், பள்ளிவாசலில் தொழுவிக்கும் கச்சி முகம்மது லெப்பையையும் கூட்டிவந்தார். பாய் விரித்து ஆண்கள் உட்கார்ந்தார்கள். உள்வீட்டு வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னால் ஸகியாவும் மாமியும் இருந்தார்கள். திரை நைந்த சீலை. அந்தப் பக்கம் இருப்பவர்கள் நிழலாகத் தெரிந்தார்கள்.

இளையதம்பி முதலில் முடிவைத்தான் சொன்னான். "காக்கா இல்ல. பனி கரைஞ்சாப் பிறகு எடுத்தவங்க. அந்த ஊர் முஸ்லிம் ஆக்கள் குளிப்பாட்டித் தொழுகை வச்சு அடக்கினவங்க. நானும் நிண்டனான்."

லெப்பை 'இன்னாலில்லாஹி' ஓதினார். ஹவ்வா உம்மாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. கிணற்று வாளி கயிறறுந்து விழுந்த சத்தம் மாதிரி. பிறகு அவள் ஸகியாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி கடைசிவரை தளரவில்லை.

"என்ன நடந்ததெண்டு ஒண்டும் ஒளிக்காமச் சொல்லு தம்பி" என்றார் வாப்பா.

"லெபனான் எண்டு ஒரு மலை நாடு, மாமா. அந்த மலையில வெள்ளைக்காரச் சோல்தாதுமாருக்குக் கால்ல நீட்டுப் பலகையைக் கட்டிப் பனிக்கு மேல சறுக்கப் பழக்குறாங்க. காக்கா அதைப் பார்த்திட்டு, 'டேய் இளையதம்பி, இவனுகள் யுத்தத்துக்கு வந்தானுகளோ, பெருநாள் கொண்டாட வந்தானுகளோ' எண்டு சிரிச்சுக்கிட்டே இருப்பார். எங்களுக்கு ரோட்டில விழுற பனியை அள்ளி எறியிற வேலை. காலையில அள்ளுவம். பின்னேரம் திரும்பவும் அவ்வளவும் கிடக்கும்."

"பனியை அள்ளுறதா?" என்றார் லெப்பை.

"எங்கட பனி இல்ல, லெப்பை. அது மாவு மாதிரி விழும். ஆள் உசரத்துக்கும் மேல குவியும். விழுந்த பிறகு ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு குணம். வெயில் பட்டு இரவு குளிர்ந்தா மேல்பக்கம் ஓடு மாதிரி இறுகிப் போயிரும். அதுக்கு மேல நடக்கலாம். ஆனா அந்த ஓட்டுக்கு மேல புதுசா விழுந்து, காத்தும் கொண்டுவந்து கொட்டிச்செண்டா அதுதான் ஆபத்து. பழைய கூரைக்கு மேல புதுக்கிடுகைக் கட்டாமச் சும்மா அடுக்கி வச்சாப்போல. ஒண்டோடொண்டு பிடிக்காது. அதுக்கு மேல ஒரு ஆள் கால் வச்சாலும் காணும், கூரை முழுக்க ஒண்டா வழுகிக்கிட்டு வரும்."

ஸகியா மனத்துக்குள் ஒரு கூரையைப் பார்த்தாள். மலையளவு கூரை. அதன் மேல் சாரன் மூட்டையோடு உசனார் நடந்து போனான். மூட்டை இல்லாமல் அவனை நினைக்க அவளுக்கு வரவில்லை.

"அப்படிச் சரியுமெண்டு தெரிஞ்சும் ஏன் போனீங்க?" வாப்பாவின் குரலில் கோபம் இருந்தது.

"மலைக்கு மேல ஒரு கொட்டில் இருக்கு. அதில தங்கியிருந்தவங்களுக்குச் சாப்பாட்டுச் சாமானும் மண்ணெண்ணெயும் முடிஞ்சு போச்சு. மாசி பிறந்த கையோட ஓயாமப் பனி கொட்டி, விட்டிருந்த நேரம். எங்கள்ல கொஞ்சப் பேரை அனுப்பினவங்க. வழி காட்ட அந்த ஊர் ஆள் ஒருத்தர். அவர் கம்பால குத்திக் குத்திப் பார்த்தார். ஒரு இடத்தில காலுக்குக் கீழ 'ஹும்' எண்டு ஒரு சத்தம் கேட்டிச்சு, வயித்துக்குள்ள இடி முழங்கினாப்போல. அவர் முகம் செத்துப் போச்சு. வெயில் ஏறமுந்திக் கடக்கவேணும், ஒராள் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த ஆள் இறங்கவேணும், ரெண்டு பேர்ட பாரம் அதில ஒண்டா விழவே கூடாதெண்டு சொன்னார். மறுகா எல்லாருக்கும் ஒவ்வொரு சிவத்தக் கயிறு தந்தாங்க."

"கயிறு என்னத்துக்கு?"

"இடுப்பில ஒரு முனையைக் கட்டிக்கிட்டு மத்த முனையைச் சும்மா பின்னால விட்டுக்கிட்டுப் போகவேணும். பாரமில்லாத கயிறு. பனி ஆளை மூடினாலும் அந்தக் கயிறு மேல மிதந்து நிக்கும். சிவப்பைக் கண்டு, அதைப் பிடிச்சுக்கிட்டே போய்க் கிண்டி ஆளை எடுப்பாங்க."

இளையதம்பி தண்ணீர் கேட்டான். வாப்பா செம்பை நீட்டினார்.

"நான் பயந்து போனன், மாமா. காக்கா என்னைப் பார்த்தார். உங்களுக்குத் தெரியும்தானே, மாரி வெள்ளத்தில வட்டைக்குள்ளால எங்கட ஊருக்கு வரக்குள்ள அவரும் நானும் எப்படி வாறதெண்டு?"

வாப்பாவுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். வெள்ளம் வயலையும் வாய்க்காலையும் ஒன்றாக மூடிய நாளில் தனியே இறங்கியவன் பள்ளத்தில் போனால் போனதுதான். அதனால் இடுப்போடு இடுப்பாகச் சீலையையோ கயிற்றையோ கட்டிக்கொண்டுதான் ஆட்கள் இறங்குவார்கள். ஒருவன் அமிழ்ந்தால் மற்றவன் இழுப்பான். வாவியை அண்டிப் பிறந்தவர்களுக்கு இது யாரும் சொல்லிக் கொடுத்த விஷயம் இல்லை.

"காக்கா சொன்னவர்: 'கயிறு தந்தா மனுசனோட மனுசனைக் கட்டத்தானே? குரங்கு மாதிரி வால் இழுத்துக்கிட்டுப் போறதுக்கா? வாடா இஞ்சால.' அவர்ட கயித்துத் தொங்கல் முனையை என்ட இடுப்பில முடிஞ்சார். என்ட கயித்தைச் சுருட்டி என்ட பைக்குள்ள வச்சார். வழிகாட்டி அங்கால கரையில நிண்டு கையைக் காட்டிக் கத்துறார். எங்களுக்கு அவர்ட பாஷை விளங்கல்ல. ரெண்டு பேரும் ஒண்டா இறங்கினம்."

இளையதம்பி செம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் குடித்தான்.

"நடுவில போகக்குள்ள மேல ஒரு கீறல் விழுந்திச்சு. கத்தியால கோடு இழுத்தாப்போல. அவ்வளவுதான் கண்டன். மலையே காலுக்குக் கீழால ஓடிச்சு. காக்காட கம்பளித் தொப்பி பறந்து போனதையும் கண்டன். கயிறு ஒரு வெட்டு வெட்டி இழுத்து என்னை ஓரத்தில எறிஞ்சிச்சு. மறுகா கயிறு அறுந்து போச்சு."

"அறுந்த கயிறு?" என்றார் லெப்பை மெல்ல.

"என்ட இடுப்போட இருந்திச்சு. காக்காட பக்கம் மிதக்கிறதுக்கு ஒரு முழமும் மிஞ்சல்ல. எல்லாரும் ஓடிவந்து நீட்டுக் கம்புகளால குத்திக் குத்தித் தேடினாங்க. தொப்பி மட்டும் பனிக்கு மேல கிடந்திச்சு. அடுத்த நாளும் தேடினாங்க. திரும்பவும் கொட்டத் தொடங்கிச்சு, விட்டிட்டாங்க. எனக்குக் கால் விரலெல்லாம் விறைச்சுக் கறுத்து, வெட்டி எடுத்தது."

திரைக்குப் பின்னாலிருந்து ஹவ்வா உம்மா கேட்டாள். "கட்டினது பிழையா மனே?"

இளையதம்பி திரையைப் பார்த்தான். "இங்கயெண்டா சரி, உம்மா. அங்க பிழை."

வாப்பா பெருமூச்சு விட்டார். "எடுக்கக்குள்ள மையித்து எப்படி இருந்தது?"

"சித்திரைக் கடைசியில ஆடு மேய்க்கிறவங்கதான் கண்டு சொன்னவங்க. ஆஸ்பத்திரியிலருந்து என்னை லொறியில ஏத்திக்கிட்டுப் போய் அடையாளம் கேட்டாங்க. சாய்ப்பு இறக்கினாப்போல ஒரு பாறை. அதுக்குக் கீழ ஒருக்களிச்சு, கால மடக்கிக் கிடந்தார். பனி அவரைக் கெட விடல்ல. முகத்தில ஒரு கீறல் இல்ல. நித்திரை கொள்றாப்போலதான். நீலக்கரை லேஞ்சியத் தலையில வடிவாக் கட்டியிருந்தார், ஊர்ச் சோலிக்கு வெளிக்கிட்ட மாதிரி..." அதற்கு மேல் அவனால் முடியவில்லை. தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டான்.

வாப்பா அவன் முதுகைத் தடவினார். லெப்பை விரல் கணுக்களில் பிறைக் கணக்கை எண்ணத் தொடங்கியிருந்தார். ஹவ்வா உம்மா 'நித்திரை கொள்றாப்போல' என்ற சொல்லோடு நின்றுவிட்டாள். அதையே உதட்டுக்குள் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

ஸகியாவின் காதில் மட்டும் லேஞ்சி என்ற சொல் விழுந்தது.

உசனார் லேஞ்சியைத் தலையில் கட்டிக்கொண்டு வெளியே போகிறவன் இல்லை. ஊர்ச் சோலிக்குத் தொப்பிதான். முகம் துடைக்கும் லேஞ்சித் துணி எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும். படுவான்கரையில் வேர்த்து விறுவிறுத்து நிற்கும்போது தொழுகை வக்து வந்து, கையில் தொப்பியும் இல்லையென்றால், அதை எடுத்து உதறி, நெற்றியை இறுக்கி, பின்னால் ஒரு முடிச்சுப் போட்டுத் தொழுவான். வெறுந்தலையோடு தொழ அவனுக்கு வராது.

தொப்பி சரிவில் பறந்துவிட்டது. அதைக் கண்டவன் இளையதம்பி. அப்படியென்றால் லேஞ்சியை எப்போது கட்டினான்?

பனி மூடிய பிறகு கட்டினான். பாறைக்குக் கீழே, மூச்சு விட இடம் இருந்த அந்தப் பொந்துக்குள், விறைத்த கையால் இடுப்பைத் தடவி எடுத்து, உதறி, முடிச்சுப் போட்டிருக்கிறான். புத்தி தெளிவாக இருந்திருக்கிறது. தொழுதிருக்கிறான். மேலே கம்புகள் குத்திய சத்தமும் அவனுக்குக் கேட்டிருக்கும். இருட்டுக்குள் எது பகல், எது இரவு என்று தெரியாமல், எந்த வக்து என்று தெரியாமல்...

"உதுமாலெப்பை, ஒரு விஷயம்" என்றார் லெப்பை. "இத்தாக் கணக்கு செய்தி வந்த நாளிலருந்து இல்ல, மௌத்தான நாளிலருந்து. சரிஞ்ச அண்டைக்கே மௌத்தெண்டா நாலு மாசம் பத்து நாள் நேத்துப் பொழுதுபட மஃரிபோட முடிஞ்சு போச்சு. புள்ள இருக்கவேண்டிய இத்தா அவவுக்குத் தெரியாமலே கழிஞ்சிட்டு. இனி ஒண்டும் இல்ல."

"முடிஞ்சிட்டா?" வாப்பாவின் குரல் தாழ்ந்தது. ஆனால் அதற்குள் ஒரு ஆறுதலும் இருந்தது.

"ஆனா ரெண்டொரு நாள் ஹயாத்தோட இருந்து மௌத்தாகியிருந்தா கொஞ்சம் மிச்சம் இரிக்கு. குறைஞ்சது இண்டைக்குப் பகலாவது. அதுக்குப் புள்ள வெள்ளை உடுத்து இருக்கத்தான் வேணும். நாம பொய்க்கணக்குப் போட ஏலாது. தம்பி, அங்குள்ள டொக்டர் என்ன சொன்னவர்? அந்த நேரமே மௌத்தா?"

"சொல்லேலாது எண்டு சொன்னவர், லெப்பை. எனக்கும் தெரியா."

ஒரு பகல். வெள்ளை உடுத்து, மூலையில் இருந்து, ஊருக்கெல்லாம் தெரிய அவனுடைய பெண்சாதியாக ஒரே ஒரு பகல் அழலாம். யாரும் வாயைப் பொத்த மாட்டார்கள். வாப்பா பக்கீரின் பேரை எடுக்க முடியாது. 'லேஞ்சி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். லெப்பைக்கு உடனே விளங்கும்.

அவள் வாயைத் திறந்தாள்.

மணிக்கட்டில் இருந்த பிடி இறுகியது. "மகள்," என்றாள் ஹவ்வா உம்மா, திரைக்கு அப்பால் கேட்காத குரலில். "உசிரோடயா கிடந்தான்? அந்தக் குளிருக்குள்ள? உம்மா எண்டு கூப்பிட்டிருப்பானோ?" கிழவியின் உடம்பு முழுவதும் உதறியது. கண்கள் ஸகியாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஸகியா அந்தக் கையின் மேல் தன் மற்றக் கையை வைத்தாள்.

"லெப்பை," என்று திரைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். "அந்த நேரமேதான்."

"உனக்கெப்படிப் புள்ள தெரியும்?"

"அண்ணன் சொன்னாரே. ஒரு கீறலும் இல்லையாம். நித்திரை கொள்றாப்போல இருந்ததாம். தவிச்சுப் போன ஆள்ட முகமெண்டா அப்படி இருக்குமா?"

லெப்பை யோசித்தார். தலையை ஆட்டினார். "அதுவும் சரிதான். சந்தேகத்தில இருந்து ஆக்களைக் கஷ்டப்படுத்த நமக்கும் ஏலாது. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும்." துஆ ஓதினார். எல்லோரும் கையேந்தினார்கள். இளையதம்பியும் தன் வழக்கப்படி கையைக் குவித்துக்கொண்டு தலை குனிந்திருந்தான்.

எழுந்து போகும்போது அவன் திரைப்பக்கம் வந்து நின்றான். "தங்கச்சி, நான் போயிட்டு வாறன். ஏதும் வேணுமெண்டா பழுகாமத்துக்குச் சொல்லி அனுப்புங்க."

"கவனமாப் போங்க அண்ணன். கால் வலிக்கும். வள்ளக்காரனை மெல்ல விடச் சொல்லுங்க" என்றாள் ஸகியா.

படலையடியில் வாப்பா லெப்பையோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். 'ஏறாவூர்' என்ற சொல்லும் 'வெள்ளிக்கிழமை' என்ற சொல்லும் காற்றில் வந்தன.

செய்தி அதற்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது. அயல் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். முன்னால் வந்தவள் பக்கத்து வளவு ஜெமீலா. கையில் மடித்த வெள்ளைச் சீலை. வாசலிலேயே குரலெடுத்து அழத் தொடங்கியவளை ஸகியாவே போய்த் தோளில் தொட்டாள்.

"அழாதீங்க ராத்தா. இத்தா நேத்தோட முடிஞ்சிட்டாம்."

ஜெமீலாவின் அழுகை பாதியில் நின்றது. வெள்ளைச் சீலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். மற்றப் பெண்களும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அப்ப ஒரு விதத்தில நல்லதுகா," என்றாள் ஒருத்தி கடைசியில். "மூலைக்குள்ள அடைஞ்சு கிடக்காமத் தப்பிட்டாய்."

ஸகியா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். அடுப்படியில் நின்றபடியே உள்வீட்டில் மாமியின் குரலைக் கேட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தக் குரல் நடுங்காமல் வந்தது.

"ஒரு நொடிதானாம். கூரை சரிஞ்சாப்போல வந்து மூடிச்சாம். அவ்வளவுதான், குளிரெண்டும் அவனுக்குத் தெரியாது. நித்திரை கொள்றாப்போல கிடந்தானாம் என்ட புள்ள." பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி உரத்துக் கேட்டாள். "என்ன மகள், அப்படித்தானே?"

"ஓம் மாமி" என்றாள் ஸகியா. சீனி போட்டுக் கலக்கினாள்.

ஹவ்வா உம்மா தேத்தண்ணியை முழுதும் குடித்தாள். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தாள். பெண்கள் போன பிறகு சுவரோரம் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். வாய் சற்றுத் திறந்து, குறட்டை வந்தது.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. தொழுமுன் கை முகம் கழுவ, ஸகியா கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளி வைத்தாள். பனிக்குள் தண்ணீர் ஏது? மண்ணும் ஏது? தண்ணீருக்குப் பதிலாகக் கல்லைத் தடவித்தான் தயம்மும் செய்திருப்பான் என்று நினைத்தாள். எத்தனை வக்து தொழுதிருப்பான் என்று எண்ணப் போய், பாதியில் விட்டுவிட்டாள். உள்ளே குறட்டைச் சத்தம் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தது. அது கலையாதபடி, வாளி கல்லில் இடிபடாமல் மெல்லச் சரித்து, முகத்தைக் கழுவினாள், திரும்பவும் கழுவினாள்.